புள்ளி வைத்த எழுத்து

1951 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அறையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் மயக்கத்தில் படுத்திருந்தார். வயது 30, ஐந்து பிள்ளைகளின் தாய். கருப்பைவாய்க் கட்டியைக் கரைக்க ரேடியம் வைப்பதற்கு முன், மருத்துவர் அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார். ஆராய்ச்சிக்காக எடுப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. துணுக்கு ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே மேரி குபிசெக் என்ற உதவியாளர் அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, உறையவைத்த கோழிப் பிளாஸ்மாவின் மேல் வைத்துக் குழாய்களில் அடைத்தார். மெல்லச் சுழலும் உருளையில் அந்தக் குழாய்கள் செருகப்பட்டன. அதுவரை வந்த மனிதச் செல்களெல்லாம் சில நாட்களிலோ வாரங்களிலோ மடிந்தன. இவை மட்டும் ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை இரட்டித்தன. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஹென்ரியெட்டா இறந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஹீலா செல்கள் உலகெங்கும் பரவின. ஆர்என்ஏவின் மேல் ஒட்டும் மெத்தில் குறியைப் பற்றி இன்று பாடப்புத்தகங்களில் உள்ளவற்றில் முக்கியமான பகுதி இந்தச் செல்களிலிருந்து கற்றது. ஆனால், அந்தக் குறிக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும், அந்த நோயை உடல் எதிர்க்கும் விதத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்தத் தாமதத்தைக் கருவிகளின் குறையாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் வாதம். நோயாளியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த செல்லைப் பொதுவான மனிதச் செல்லாகப் பாவித்த ஒரு வழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் குறி. டிஎன்ஏவில் உள்ள கட்டளையை, புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்என்ஏ. அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினோசினில், சில இடங்களில் மட்டும் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னஞ்சிறு மெத்தில் தொகுதி வந்து ஒட்டுகிறது. தமிழ் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளியை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் புள்ளி ஒலியையே மாற்றும். மெத்தில் குறி கட்டளையின் சொல்லை மாற்றாமல், அந்தக் கட்டளை எவ்வளவு நேரம் நிலைக்கும், எவ்வளவு முறை படிக்கப்படும் என்பதை மாற்றுகிறது. 1974இல் எலிகளின் செல்களில் இது முதலில் தெரிந்தது. அடுத்த ஆண்டே பெர்னார்ட் மாஸின் குழு ஹீலா செல்களில் இதைக் கண்டது; 1977க்குள் எந்த எழுத்துகளுக்கு நடுவே குறி விழுகிறது என்பதையும் சொல்லிவிட்டது. அன்றைய வேலையின் பக்குவம் வியக்க வைக்கிறது. கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய மெத்தியோனினைச் செல்களுக்கு ஊட்டுவார்கள். செல் தன் மெத்தில் தொகுதிகளை அந்த மெத்தியோனினிலிருந்து எடுத்துக்கொள்வதால், குறி விழுந்த இடமெல்லாம் கதிர்வீசும். பிறகு ஆர்என்ஏவைப் பிரித்து, நொதிகளால் வெட்டி, துண்டுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, எதில் எத்தனை கதிர்த்துடிப்பு என்று எண்ணுவார்கள். குறி இருப்பது நிச்சயமாகும். எந்த மரபணுவின் ஆர்என்ஏவில் என்பது மட்டும் தெரியாது.

பிறகு வந்த வரிசை படிக்கும் கருவிகளும் இதில் உதவவில்லை. ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்துத்தான் படிக்க முடிந்தது; அந்தப் படியில் மெத்தில் குறி மறைந்து வெறும் அடினோசினாகவே தெரிந்தது. ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். படிப்பவர் இடமறிந்து சேர்த்துப் படிப்பார். ஆய்வாளர்களுக்கு அப்படிச் சேர்த்துப் படிக்கும் அறிவு அன்று இல்லை. அந்த நடுக்காலத்திலும் வேலையை விடாதவர் ஃபிரிட்ஸ் ராட்மன். 1994இல் அவரும் ஜோசப் போகாரும் குறியிடும் நொதியை ஹீலா செல்களின் உட்கருவிலிருந்து ஓரளவு தூய்மையாக்கினார்கள். 1997இல் அதன் மரபணுவைப் பிடித்தார்கள். இன்று மெட்டில்3 என்று அழைக்கப்படுவது அதுதான். 2011இல் எஃப்டிஓ என்ற நொதி இந்தக் குறியை அழிக்கும் என்று தெரிந்தபின் துறை மறுபடி உயிர்பெற்றது. 2012இல் குறியை மட்டும் பற்றும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மனித மரபணுக்களின் ஆர்என்ஏக்களில் அது இருப்பதை வரைபடமாக்கினார்கள். குறியைப் படிக்கும் ஒய்டிஎச்டிஎஃப்2 என்ற புரதம், குறி விழுந்த ஆர்என்ஏவைச் சிதைவுக்கு அனுப்புகிறது என்று 2014இல் காட்டியபோது, அந்தச் சோதனையும் ஹீலா செல்களில்தான் நடந்தது.

இத்தனை கட்டுரைகளிலும் ஹீலா என்பது ஒரு பொருளின் பெயர். அது ஒரு கருப்பைவாய்க் கட்டி என்பதற்கு அங்கே வேலையே இல்லை. அது வெறும் மனிதச் செல் அல்ல என்பது எண்பதுகளிலேயே தெரிந்திருந்தது. ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983, 1984 ஆண்டுகளில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16, 18ஆம் வகைகளைக் கருப்பைவாய்க் கட்டிகளில் கண்டுபிடித்தது. ஹீலா செல்லுக்குள்ளும் 18ஆம் வகையின் துண்டு ஒட்டியிருந்தது. வைரஸின் மற்றப் பகுதிகளில் சில அழிந்தும், ஈ6, ஈ7 என்ற இரண்டு மரபணுக்கள் மட்டும் அந்தப் பெண் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இடைவிடாமல் ஆர்என்ஏ எழுதிக்கொண்டிருந்தன. ஒன்று செல்லின் காவலனான பி53 என்ற புரதத்தை அழிக்கிறது. மற்றது செல்பிரிவின் தடையை அவிழ்க்கிறது. ஈ6, ஈ7 இரண்டும் தருவது மனித உடலுக்கு அந்நியமான புரதங்கள். நோயெதிர்ப்பு அமைப்பு அடையாளம் கண்டு தாக்க இதைவிடத் தெளிவான இலக்கு புற்றுநோய்களில் அரிது.

உடல் அப்படித் தாக்குகிறது என்பதற்கு ஆய்வகத்துக்கு வெளியே வலுவான சான்று உண்டு. இந்த வைரஸ் தொற்றிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொற்று தானாக அடங்கிவிடுகிறது. எச்ஐவியால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கோ கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993இல் இந்தப் புற்றுநோயை எய்ட்ஸைக் குறிக்கும் நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே, இந்த நோயின் வரலாறு இரண்டு தரப்பின் வரலாறு: வைரஸ் மரபணுவைச் சுமந்த செல், அதைத் தேடிவரும் வெள்ளணுக்கள். வளர்ப்புத் தட்டில் முதல் தரப்பு மட்டுமே இருக்கிறது. இளஞ்சிவப்புத் திரவத்தில் ஹீலா செல்லைத் தேடி டி செல் என்ற வெள்ளணு எதுவும் வருவதில்லை. குறியிடும் நொதியை அந்தத் தட்டில் தூய்மையாகப் பிரிக்கலாம். எதிர்ப்பைப் பற்றிய கேள்வியை அங்கே கேட்கவே வழியில்லை.

நொதியின் வேதியியல் எல்லாச் செல்லிலும் ஒன்றுதானே, ஹீலாவில் கற்றதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழை இல்லை. மெட்டில்3 எங்கே இருந்தாலும் அதே குறியைத்தான் இடுகிறது. ஹீலா இல்லாவிட்டால் அந்த நொதி இன்னும் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்திருக்கலாம். ஆனால், ஒரே குறி வேறு வேறு செல்லில் வேறு வேறு விளைவைத் தருகிறது என்பதைத் தட்டு சொல்லாது. 2017இல் ஆய்வெலியின் டி செல்களிலிருந்து மெட்டில்3ஐ நீக்கியபோது அந்த டி செல்கள் பெருகவும் முதிரவும் திணறின. 2019இல் ஒய்டிஎச்டிஎஃப்1 என்ற புரதம் இல்லாத எலிகளில் நேர்மாறான செய்தி வந்தது. கட்டியின் துணுக்கை விழுங்கி டி செல்லுக்குக் காட்டிக்கொடுப்பது டெண்ட்ரிடிக் செல்லின் வேலை. அதற்குள் அந்தத் துணுக்கைச் செரித்து அழிக்கும் நொதிகளின் ஆர்என்ஏக்களில் மெத்தில் குறி இருக்கிறது. ஒய்டிஎச்டிஎஃப்1 அதைப் படித்து அந்த நொதிகளைப் பெருக்குகிறது. படிப்பவர் இல்லையென்றால் செரிமானம் குறைகிறது, துணுக்கு நிலைக்கிறது, டி செல் விழிக்கிறது, கட்டி சுருங்குகிறது. முதல் சோதனையில் குறியின் இழப்பு எதிர்ப்பைக் குலைத்தது. இரண்டாவதில் குறியைப் படிப்பவரின் இழப்பு எதிர்ப்பை வளர்த்தது. எந்தச் செல்லில் என்று கேட்காமல் குறி நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பொருளில்லை.

இப்போது நோயாளிகளின் கட்டிகளையே ஆராய்கிறார்களே, குறை தீர்ந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. 2017இல் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 228 கருப்பைவாய்க் கட்டிகளின் விவரத்தை வெளியிட்ட பிறகு, குறியிடும், அழிக்கும், படிக்கும் மரபணுக்களின் அளவுக்கும் கட்டிக்குள் இருக்கும் வெள்ளணுக்களின் அளவுக்கும் உள்ள உறவைக் கணக்கிடும் கட்டுரைகள் நிறைய வந்தன. அவற்றை நான் ஒதுக்கவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்று அவை காட்டுகின்றன. ஆனால் அந்தத் தரவில் கட்டி முழுதாக அரைக்கப்பட்டிருக்கிறது. புற்றுச் செல், டி செல், டெண்ட்ரிடிக் செல், இணைப்புத் திசு எல்லாவற்றின் ஆர்என்ஏவும் ஒரே குழாயில் கலந்திருக்கிறது. மெட்டில்3 மிகுந்த கட்டியில் டி செல் குறைவு என்றால், புற்றுச் செல் டி செல்லைத் துரத்துகிறதா, அல்லது புற்றுச் செல்கள் அதிகமானதால் கணக்கு அப்படித் தெரிகிறதா? அரைத்த மாவில் எது உளுந்து, எது அரிசி என்று பொறுக்க முடியாது. முன்பு தட்டு ஒரு தரப்பை வெளியே நிறுத்தியது. இப்போது இரு தரப்பும் கலந்து அடையாளம் இழந்து நிற்கின்றன.

வைரஸின் பக்கத்திலும் தடயம் கிடைத்திருக்கிறது. 2019இல் 16ஆம் வகை வைரஸ், ஈ7 புரதத்துக்கான கட்டளையை வளையமாக மூடிய ஆர்என்ஏவாகவும் எழுதுகிறது என்றும், அந்த வளையத்தில் மெத்தில் குறி இருக்கிறது என்றும் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த காஸ்கி செல்களில் காட்டினார்கள். டி செல் தேடும் அந்நியப் புரதத்தின் கட்டளையிலேயே நம் செல்லின் குறி விழுந்திருக்கிறது.

தடுப்பூசியும் பரிசோதனையும் இருக்கும்போது இந்த நுணுக்கம் எதற்கு என்பார்கள். தடுப்பதே முதல் கடமை; அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் 2022இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 3,50,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000. நோய் வந்துவிட்டவர்களுக்குத் தடுப்பூசி பயன்படும் காலம் கடந்துவிட்டது. எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு 2018இல் இந்த நோயில் அனுமதி கிடைத்தபோது, அதற்கு ஆதாரமான சோதனையில் கட்டி சுருங்கியது ஏழு பேரில் ஒருவருக்குத்தான். அதற்கு முன், 2015இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், பரவிய நோயுள்ள ஒன்பது பெண்களின் கட்டியிலிருந்தே டி செல்களை எடுத்து, ஈ6, ஈ7 புரதங்களை அடையாளம் காண்பவற்றைப் பெருக்கித் திரும்பச் செலுத்தினார்கள். இருவருக்கு நோய் முழுதாக மறைந்தது, ஒருவருக்குக் குறைந்தது, ஆறு பேருக்குப் பயனில்லை. அந்த ஆறு பேரின் கட்டிகளில் டி செல்களை முடக்கியது எது என்ற இடத்தில்தான் மெத்தில் குறி பற்றிய கேள்வி நிற்க வேண்டும். மெட்டில்3ஐத் தடுக்கும் மருந்து 2021இல் எலிகளின் இரத்தப் புற்றில் பலன் தந்தது. அதே வழியில் வந்த மருந்து திடக்கட்டிகள் உள்ளவர்களிடமும் சோதிக்கப்படுகிறது. அது இரத்தத்தில் கலந்து புற்றுச் செல்லுக்கும் போகும், 2017இல் திணறிய டி செல்லுக்கும் போகும். எதில் எவ்வளவு என்பதைப் பெண்களின் கட்டியில், செல் செல்லாகப் பிரித்து, அவர்களிடம் கேட்டு வாங்கிய திசுவில்தான் அளக்க வேண்டும். ஹென்ரியெட்டாவின் குடும்பத்தினர் இருவருக்கு, ஹீலாவின் மரபணு வரிசையை யார் பார்க்கலாம் என்று பரிசீலிக்கும் குழுவில் 2013இல் இடம் கிடைத்தது. அதே ஆண்டில்தான் அந்தச் செல்களின் முழு வரிசை, குடும்பத்தைக் கேட்காமல், முதன்முதலாக வெளியிடப்பட்டிருந்தது.