லொங்குய்: தென்கரை நகரொன்றின் இனக் கலவை உருவான வரலாறு

மொன்றியல் தீவுக்கு நேரெதிரே, சென் லோறன்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்த நகரம் லொங்குய். 2021 கனடியக் கணக்கெடுப்பின்படி அங்கு 2,54,483 பேர் வாழ்ந்தனர். கியூபெக் மாகாணத்தின் ஐந்தாவது பெரிய நகரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த சிற்றூர். இன்று ஹெயிட்டி, அல்ஜீரியா, மொரோக்கோ, கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதன் பள்ளிகளில் ஒன்றாகப் படிக்கிறார்கள். இந்த மாற்றத்தைக் குடியேற்றம் என்ற ஒற்றைக் காரணத்துக்குள் அடக்கிவிட முடியாது. நிலக்கொடை, போக்குவரத்து, தொழிற்சாலை, சட்டம் ஆகிய நான்கும் வெவ்வேறு காலங்களில் யார் இங்கு குடியேறலாம் என்பதைத் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலக்கொடையும் முதற்குடிகளும்

பிரான்சின் நோர்மண்டிக் கரையிலுள்ள தியெப் துறைமுகத்தில் 1626இல் பிறந்தவர் சார்ள் லெ மொய்ன். 1641இல் பிரான்சின் வட அமெரிக்கக் குடியேற்றமான நியூ பிரான்சுக்கு வந்து இயேசு சபையாரிடம் பணிசெய்தார். பூர்வகுடிகளின் மொழிகளைக் கற்று மொழிபெயர்ப்பாளரானார். 1657இல் அவருக்குக் கிடைத்த தென்கரை நிலமே லொங்குய்யின் தொடக்கம். தம் சொந்த மண்ணுக்கருகில் இருந்த ஓர் ஊரின் பெயரையே அதற்கு இட்டார். 1700இல் அவர் மகனுக்கு பிரெஞ்சு மன்னர் பரன் பட்டம் அளித்தார். 1685க்கும் 1690க்கும் இடையில் அக்குடும்பம் எழுப்பிய கற்கோட்டை இருந்த இடத்தில்தான் இன்றைய புனித அந்தோணியார் இணைப் பேராலயம் நிற்கிறது.

லெ மொய்னுக்கு அளிக்கப்பட்டது ஆளில்லா நிலம் அன்று. ஆற்றின் இரு கரைகளும் இரோகுவா மக்களின் வேட்டைக்கும் வணிகத்துக்கும் போருக்கும் உரிய வழிகளாக இருந்தவை. கற்கோட்டைக்கான தேவையே அவர்களோடு நிகழ்ந்த போர்களிலிருந்து எழுந்ததுதான். 1667இல் அருகிலுள்ள லா பிறேரியில் தொடங்கிய கத்தோலிக்க மறைபரப்புக் குடியிருப்பு, பலமுறை இடம்பெயர்ந்து 1716இல் இன்றைய கானவாகேயில் நிலைத்தது. அங்குள்ள மோஹாக் எனும் இரோகுவாச் சமூகம் இன்றும் தென்கரையிலேயே வாழ்கிறது. பூர்வகுடிகள் தனி ஊராகவும் குடியேறிகள் தனி ஊராகவும் பிரிந்த அமைப்பு அக்காலத்திலேயே உருவாகிவிட்டது.

அக்காலச் சமூகத்தில் அடிமைகளும் இருந்தனர். 1709இல் நிருவாகி றோடோ பிறப்பித்த கட்டளை, பூர்வகுடி அடிமைகளையும் கறுப்பு அடிமைகளையும் வாங்கியவரின் உடைமையாக அறிவித்தது. கியூபெக் பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ நாலாயிரம் அடிமைகளை ஆவணங்களிலிருந்து தொகுத்தவர் வரலாற்றாய்வாளர் மார்செல் துறுடெல். அவர்களுள் பெரும்பாலோர் பூர்வகுடிகள். 1834இல்தான் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஆகவே தொடக்ககாலக் குடியேற்றச் சமூகம் வெள்ளையரால் மட்டுமே ஆனது என்ற பொதுவான நம்பிக்கைக்கு ஆவணங்களில் ஆதாரமில்லை.

இரும்புப் பாதையும் ஆங்கிலக் குடிகளும்

1760இல் மொன்றியல் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1781இல் பரன் குடும்பத்தின் வாரிசுப் பெண், பிரித்தானியப் படையதிகாரியான டேவிட் அலெக்சாந்தர் கிறான்ட் என்பவரை மணந்தார். பட்டம் ஸ்கொத்லாந்துப் பெயரைத் தாங்கிய குடும்பத்துக்குச் சென்றது. நிலத்தை உழுதவர்களோ தொடர்ந்து பிரெஞ்சுக் குடியானவர்களே. மேலே ஆங்கிலமும் கீழே பிரெஞ்சுமாக அமைந்த இந்த அடுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நீடித்தது.

1848இல் லொங்குய்யிலிருந்து சென் இயாசிந்துக்கு இரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் 1859இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலம் அருகிலுள்ள சென் லம்பேரில் கரையேறியதால், இரயில்வேயின் மையம் அங்கு நகர்ந்தது. இரயில்வேயை ஒட்டி ஆங்கிலம் பேசுவோர் அப்பகுதியில் பெருகினர். 1911இல் தனி நகராட்சியான கிறீன்ஃபீல்ட் பார்க்கில் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வீடு கட்டிக்கொண்டனர். இன்று லொங்குய்யின் மூன்று பேட்டைகளுள் இருமொழித் தகுதி பெற்றது அது ஒன்றே. ஒரு பாலம் எங்கே இறங்கியது என்பது, நூறாண்டு கடந்தும் எந்தத் தெருவில் எந்த மொழி கேட்கிறது என்பதில் தெரிகிறது.

தொழிற்சாலையும் பலகைக் குடிசைகளும்

1928இல் பிராட் அன்ட் விட்னி நிறுவனம் லொங்குய்யில் விமான எந்திரப் பணிமனையைத் தொடங்கியது. 1930இல் ஆற்றின்மேல் இன்றைய ஜாக் கார்த்தியே பாலம் திறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொன்றியலில் வாடகை கொடுக்க இயலாத ஏழைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் பாலத்தைக் கடந்து வந்து, 1947இல் உருவான வீல் ஜாக் கார்த்தியே நகராட்சியில் மலிவான மனைகளை வாங்கின. பல வீடுகள் பலகையும் தார்த்தாளும் கொண்டு தாமே அடித்துக்கொண்டவை. குழாய்நீரும் கழிவுநீர்க் கால்வாயும் நெடுங்காலம் வரவில்லை. எழுத்தாளரும் மருத்துவருமான ஜாக் ஃபெறோன் இம்மக்களிடையே மருத்துவம் பார்த்தார்.

அங்கு வளர்ந்தவர் பியேர் வலியேர். கியூபெக் விடுதலை முன்னணியின் சிந்தனையாளரான அவர், 1966இல் நியூயோர்க் சிறையில் எழுதி 1968இல் வெளியிட்ட நூலில், பிரெஞ்சுக் கனடியரை அமெரிக்காவின் வெள்ளை நிறக் கறுப்பர்களாகச் சித்திரித்தார். வர்க்க ஒடுக்குமுறையை இனத்தின் சொல்லால் விளக்கும் முயற்சி அது. வறுமையின் கொடுமையை அந்நூல் உலகறியச் செய்தது உண்மை. ஆனால் கறுப்பரின் துன்பம் அதில் பிறருடைய துன்பத்துக்கு உவமையாகச் சுருங்கியது. மெய்யான கறுப்பினக் குடும்பங்கள் பெருமளவில் அதே தெருக்களுக்கு வந்தபோது, அந்த உவமை அவர்களுடைய அனுபவத்தை விளக்கப் போதவில்லை.

1969இல் வீல் ஜாக் கார்த்தியே லொங்குய்யுடன் இணைந்தது. 1967இலேயே மெட்ரோ இரயில் ஆற்றின் அடியால் நகரை எட்டியிருந்தது. வாகனம் இல்லாத புதுக்குடியேறிகளுக்கு அந்த நிலையம் பின்னாளில் வாயிலாயிற்று.

சட்டம் திறந்த கதவு

கனடா 1962இல் குடிவரவு விதிகளிலிருந்து இனப் பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கி, 1967இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. துவாலியே சர்வாதிகார ஆட்சியை விட்டு வெளியேறிய ஹெயிட்டி ஆசிரியர்களும் மருத்துவர்களும் முதலில் கியூபெக்குக்கு வந்தனர்; 1970களில் தொழிலாளர் குடும்பங்கள் பின்தொடர்ந்தன. 1977இன் 101ஆம் சட்டம் குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குத் திருப்பியது. 1978, 1991 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் பொருளாதாரக் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கியூபெக்குக்கு வழங்கின. பிரெஞ்சு தெரிந்தவருக்கு முன்னுரிமை கிடைத்தது.

இதன் விளைவை லொங்குய்யில் தெளிவாகக் காணலாம். வட ஆபிரிக்காவின் மாக்ரெப் நாட்டவர், பிரெஞ்சு பேசும் ஆபிரிக்கர், ஹெயிட்டியர் ஆகியோர் அங்கு பெருகினர். கொலம்பியரும் பிற இலத்தீன் அமெரிக்கரும் சேர்ந்தனர். தோல்நிறமும் சமயமும் பலவாயின. பொதுமொழி பிரெஞ்சாகவே நின்றது. பக்கத்து நகரான புறோசார் சீனச் சமூகத்தின் தென்கரை மையமானது. ஈழத்தமிழர் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. 1983க்குப் பின் அகதிகளாக வந்த அவர்களைப் பிரெஞ்சு அறிவுக்காக எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. கோட் தே நேஜ், பார்க் எக்ஸ்தன்சியோன் முதலிய மொன்றியல் தீவுப் பகுதிகளில், வாடகையும் உறவும் வேலையும் கிடைத்த இடங்களில் அவர்கள் கூடினர். பின்னர் ஆங்கிலம் மிகுந்த மேற்குப் புறநகர்களுக்கும் பரவினர். வந்த வழி மாறினால் வாழும் கரையும் மாறுகிறது.

எண்களை வாசிக்கும் முறை

லொங்குய்யின் புள்ளிவிவரங்களை அப்படியே ஒப்பிடுவது ஆபத்து. 2001இல் 1,28,016 ஆக இருந்த மக்கள் தொகை 2006இல் 2,29,330 ஆகத் தாவியது. காரணம் குடியேற்றப் பெருவெள்ளம் அன்று. 2002இல் தென்கரை நகராட்சிகள் எட்டு ஒரே நகராக இணைக்கப்பட்டன. 2004 வாக்கெடுப்புக்குப் பின், 2006 தொடக்கத்தில் பூஷெர்வில், புறோசார், சென் புறூனோ, சென் லம்பேர் நான்கும் பிரிந்தன. சென் உபேர், லெ மொய்ன், கிறீன்ஃபீல்ட் பார்க் ஆகிய முன்னாள் நகராட்சிகள் லொங்குய்யிலேயே தங்கின. புறோசார் உள்ளே இருந்தால் ஆசியர் விகிதம் உயரும், வெளியேறினால் குறையும். எவரும் வீடு மாறாமலே நகரின் இனக் கலவை மாறிவிடும்.

வகைப்பாடுகளும் மாறின. ‘காணக்கூடிய சிறுபான்மையினர்’ என்ற பிரிவு 1986 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டது. பூர்வகுடிகள் அதில் அடங்கார். 1996 படிவத்தில் ‘கனடியர்’ என்பதும் இனப்பூர்வீகத்துக்கு எடுத்துக்காட்டாக அச்சானதால், முன்பு ‘பிரெஞ்சு’ என்று எழுதிய பலர் அதற்கு மாறினர். 2021இல் கியூபெக் மக்களில் 16.1 விழுக்காட்டினர் காணக்கூடிய சிறுபான்மையினர். கனடா முழுமைக்கும் அது 26.5 விழுக்காடு.

முடிவுரை

பன்மை வந்த வேகத்தில் நிறுவனங்கள் மாறவில்லை. 2017 முதல் லொங்குய் வட்டாரப் பொலிஸ் தலைவராக இருந்த ஃபாடி டாகெர், லெபனானியப் பெற்றோருக்கு ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவர். பொலிசாரைச் சீருடையின்றிச் சமூகங்களுக்குள் வாரக்கணக்கில் அனுப்பிப் பழகவைக்கும் திட்டத்தை அவர் தொடங்கினார். 2023இல் மொன்றியல் பொலிஸ் தலைவரானார். அத்தகைய திட்டம் தேவைப்பட்டதே பொலிசாருக்கும் சமூகங்களுக்கும் இடையிலிருந்த இடைவெளிக்குச் சான்று.

லொங்குய்யின் மக்கள் தொகை ஒவ்வொரு காலத்திலும் நிலம், போக்குவரத்து, தொழில், சட்டம் பற்றிய முடிவுகளால் உருவாக்கப்பட்டது. நிலக்கொடை நோர்மண்டியரைக் கொணர்ந்தது. குடிவரவுச் சட்டம் ஹெயிட்டியரையும் அல்ஜீரியரையும் கொணர்ந்தது. ஆகவே ‘மண்ணின் மைந்தர்’, ‘வந்தேறிகள்’ என்ற பிரிப்பு, பூர்வகுடிகள் தவிர வேறெவருக்கும் இந்நகரில் பொருந்தாது. கானவாகேயை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த லொங்குய் வரலாறும் முழுமையானதன்று. இனி இத்துறையில் ஆய்வுசெய்வோர் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.