எதிராளியின் கையில் எழுதுகோல்

அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளின் கோல்ஃப் போட்டியையும் மட்டக்களப்பின் வலயமட்ட மெய்வல்லுநர் போட்டியையும் ஒரு தராசில் வைப்பது முதற் பார்வைக்கு விபரீதமாகத் தெரியும். ஒன்றில் நான்கு பேர் பேசிக்கொண்டு பல மணி நேரம் நடக்கிறார்கள். மற்றதில் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வினாடி ஓடுகிறார்கள். கோல்ஃப் திடல் ஒன்றைப் பார்க்க விரும்பும் மட்டக்களப்பார் சீனக்குடாவில் விமானப்படை பேணும் திடல்வரை போகவேண்டும். இத்தனைக்கும் நம் பாடசாலை விளையாட்டில் அமெரிக்கக் கை படாமலும் இல்லை. இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துத் துறவிகள் இங்கே கூடைப்பந்தை வேரூன்ற வைத்தார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயர் நகர மைதானத்துக்கே நிலைத்துவிட்டது. கோல்ஃப் மட்டும் அவர்களோடு கப்பலேறி வரவில்லை.

ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தியும் பிந்தியும் நடக்கும் வேலையைப் பார்ப்போம்: விதி வகுத்தல், நிரல் போடுதல், முடிவு எழுதுதல். அங்கேதான் இரண்டும் எதிர்பாராத உறவினராகத் தெரிகின்றன.

விதியின் ஊற்று இரண்டிலும் வெகு தொலைவில் இருக்கிறது. லீத் நகரத்துக் கனவான்கள் 1744இல் 13 விதிகளாக எழுதிவைத்த கோல்ஃப் சட்டம் வளர்ந்து பெருத்து, 2019இல் 24 விதிகளாகச் சுருக்கப்பட்டது. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளின் தேசியக் கூட்டமைப்பு பல விளையாட்டுகளுக்குத் தானே விதிநூல் வெளியிட்டாலும் கோல்ஃபைத் தொடுவதில்லை; பெரியவர்களின் நூலே பிள்ளைகளுக்கும் நூல். வலயப் போட்டியும் அவ்வாறே உலக மெய்வல்லுநர் அமைப்பின் விதியைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. இரண்டிலும் மேலே ஒரு தடித்த நூல். கீழே சிறிய அறையொன்றில் தேநீரோடு கூடும் ஒரு குழு.

அந்தக் குழு எதைப் பற்றி மெனக்கெடுகிறது என்பதில் பாதைகள் பிரிகின்றன. கோல்ஃப் குழுவின் கவலை முழுவதும் நிலத்தைப் பற்றியது. எல்லை எது, வேலி எது, பழுதுபார்க்கும் இடம் எது, பந்து தொலைந்தால் திரும்பிப் போய் அடிப்பதா அல்லது இரண்டு அடி தண்டனையோடு முன்னே வைத்து ஆடுவதா: எல்லாம் அந்தத் திடலுக்கென எழுதப்படும் உள்ளூர் விதி. கொழும்பு றோயல் கோல்ஃப் கழகத்தின் திடலூடே களனிவெளி ரயில் ஓடுகிறது. இப்படியொரு நிலத்தைத் தொலைவிலிருக்கும் எந்த நூலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. வலயக் குழுவின் கவலையோ ஆளைப் பற்றியது. பிறந்த திகதி என்ன, எந்த வயதுப் பிரிவு, எந்தப் பாடசாலையின் இடாப்பில் பெயர் இருக்கிறது, அதிபரின் ஒப்பம் எங்கே. உடற்கல்வி ஆசிரியர் போட்டிக்குக் கொண்டுபோகும் கோப்பில் பாதிக்குமேல் பிறப்புச் சான்றிதழின் பிரதிகளே. கோல்ஃபுக்கு ஒவ்வொரு நிலமும் வேறு என்பது அடிப்படை. மெய்வல்லுநருக்கு எல்லா நிலமும் ஒன்று என்பது அடிப்படை.

எல்லா நிலமும் ஒன்று என்பது நம் பக்கத்தில் எவ்வளவு துணிச்சலான கற்பனை என்பதை வாவியின் மேற்கே படுவான்கரையில் ஓடுபாதை கீறியவர்கள் அறிவார்கள். முந்திய நாள்வரை மாடு மேய்ந்த புல்தரை, ஒரு மூலையில் மரம், நீளமும் அகலமும் ஒத்துவராத காணி. அங்கே கயிற்றையும் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் 400 மீட்டரை உண்டாக்கவேண்டும். இதில் கணிதம் அவருக்குச் செய்யும் உதவி அழகானது. ஒவ்வொரு ஓடுபாதையும் 1.22 மீட்டர் அகலமானால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் பாதைக்காரரை 7.04 மீட்டரும், அதற்கு வெளியே உள்ள ஒவ்வொருவரையும் மேலும் ஏறக்குறைய 7.67 மீட்டரும் முன்னே நிறுத்தவேண்டும். மைதானம் பெரிதா சிறிதா என்பது இந்த எண்களைத் தொடுவதே இல்லை. அகலமும் சுற்றின் எண்ணிக்கையும்தான் கணக்கு. ஆகவே 200 மீட்டர் சுற்றே கிடைக்கும் காணியில் அதே 400 மீட்டரை முழுவதும் தத்தம் பாதையில் ஓடவிட்டால், எண்களை இரட்டித்தால் போதும். நிலத்தின் வேறுபாட்டை இங்கே வட்டத்தின் கணக்கு விழுங்கிவிடுகிறது.

கோல்ஃபிலும் முன்னிறுத்தல் உண்டு. அங்கே அது ஆளுக்குரியது. திறன் குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக்கொடுக்கும் முறையில், திடலின் கடினம் 55 முதல் 155 வரையான ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டு, 113 என்ற நடுநிலை எண்ணால் வகுக்கப்படுகிறது. ஒன்று பாதையின் வளைவைச் சமன்செய்கிறது, மற்றது கையின் பலவீனத்தை. ஆயினும் பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் இந்தச் சலுகையை ஒதுக்கிவிட்டு, அடித்த அடிகளையே எண்ணுகின்றன. அதற்குப் பதிலாகப் பல இடங்களில் ஓர் உச்ச வரம்பு வைக்கிறார்கள்: ஒரு குழிக்கு இத்தனை அடிக்குமேல் எழுதவேண்டியதில்லை, பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போ. நீளம் பாய்தலில் மூன்று முயற்சியோடு எட்டுப் பேரைத் தவிர மற்றவர்களை அமரச் சொல்வதும் இதே நோக்கில்தான். பிள்ளையின் மானமும் நிரலின் நேரமும் ஒரே விதியால் காப்பாற்றப்படுகின்றன. இவற்றில் எது முதல் நோக்கம் என்று கேட்டால் ஒழுங்கமைப்பாளர் சிரிப்பார்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாலையில் வகுப்பு முடிந்து பொழுது சாய்வதற்குள் முடிக்க அமெரிக்கப் பாடசாலைகள் பெரும்பாலும் ஒன்பது குழியோடு நிறுத்துகின்றன. பெரிய போட்டியானால் எல்லாக் குழுக்களையும் வெவ்வேறு குழிகளில் நிறுத்தி ஒரே கணத்தில் தொடங்குகின்றன. இங்கே நிரலை எழுதியது வாவி. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை அந்தத் துறையால் வரும் பிள்ளைகள் ‘பாதை’ எனும் மிதவையில் ஏறித்தான் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தார்கள், காலை எட்டு மணி நிகழ்ச்சி என்றால் எந்தக் கரைக்கு எட்டு மணி என்ற கேள்வி இருந்தது. காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஓட்டத்தின் வெற்றி நிற்கும், ஆனால் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டிய காற்றில் பிறந்த சாதனை நிற்காது. கோல்ஃப் காற்றோடு கணக்குப் பார்ப்பதில்லை. குழியருகே கிடந்த பந்தைக் காற்று உருட்டிவிட்டாலும், ஒருமுறை எடுத்துத் திரும்ப வைத்த பந்தாக இல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தே அடிக்கவேண்டும்.

இனி எழுதுகோல். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் நடுவர் நிற்பதில்லை. உன் அட்டையில் உன் அடிகளை எழுதுபவன் உன்னோடு நடந்து வரும் எதிர்ப்பாடசாலை மாணவன். அவனுடையதை எழுதுவது நீ. வலயப் போட்டியில் நடுவர்களுக்குப் பஞ்சமில்லை. தொப்பி அணிந்து முடிவிடத்துப் படிக்கட்டில் வரிசையாக அமர்ந்திருக்கும் அவர்களைப் பார்த்தால், இது கோல்ஃபுக்கு நேரெதிர் என்றே எண்ணத் தோன்றும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேரக் கடிகாரம் பிடித்திருப்பவர் ஒரு பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பாடசாலையின் பிள்ளை மூன்றாம் பாதையில் நிற்கிறது. மணற்குழியில் அளவுநாடாவை இழுப்பவர் இன்னொரு பாடசாலையின் ஆசிரியர். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று ஐந்து கல்வி வலயங்களில் எதிலும் போட்டிக்குச் சம்பந்தமில்லாத நடுவர் படையொன்றை வெளியிலிருந்து கொண்டுவர வசதி ஏது? இங்கேயும் எதிராளியே எழுதுகிறார். அவர் வயதில் மூத்தவர், தொப்பி அணிந்தவர் என்பதே வேறுபாடு.

சம்பந்தப்பட்டவரிடம் எழுதுகோலைக் கொடுத்தபின் அவரை எப்படிக் கட்டிப்போடுவது? இரு விளையாட்டும் கண்ட விடை ஒன்றுதான் என்பது என்னை மகிழ்வித்த கண்டுபிடிப்பு: பிழை நேர்ந்தால் அது வீரருக்கு லாபமாக விழக்கூடாது. கைக்கடிகார விதியைப் பாருங்கள். மூன்று கடிகாரம் மூன்று நேரம் காட்டினால் நடுவிலுள்ளது. இரண்டே கடிகாரம் இருந்து அவை ஒத்துப்போகாவிட்டால் மெதுவானது. 11.31 வினாடி என்று காட்டினால் 11.3 என்று எழுதமுடியாது, 11.4 என்றே எழுதவேண்டும். கோல்ஃபில், அடித்ததைவிடக் குறைவாக எழுதிய அட்டையில் ஒப்பமிட்டால் பொதுவாக ஆட்டத்திலிருந்தே நீக்கம்; கூடுதலாக எழுதியதில் ஒப்பமிட்டால் அந்தக் கூடுதல் எண் அப்படியே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் ரொபேர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை மூன்று அடியில் முடித்தார். உலகமே பார்த்தது. அவருக்கு அட்டை எழுதிய டொமி ஆரன் நான்கு என்று எழுதினார், விசென்சோ பாராமல் ஒப்பமிட்டார். 65 என்பது 66 ஆயிற்று. பொப் கோல்பியோடு சமநிலையில் நின்று மறு ஆட்டம் ஆடவேண்டியவர் ஓர் அடியால் தோற்றார்.

ஒப்பமிடும் பொறுப்பில்தான் மனப்பான்மையின் வேறுபாடு தெரிகிறது. நீளம் பாய்பவள் பலகையின் விளிம்பைத் தாண்டி மிதித்துவிட்டு, நடுவர் வெள்ளைக் கொடி காட்டினால், தானே போய்ச் சொல்லவேண்டும் என்று இங்கே எவரும் எதிர்பார்ப்பதில்லை. கோல்ஃப் மாணவி புல்லுக்குள் தன் பந்து தன் கையால் அசைந்ததை எவரும் காணாவிட்டாலும் தன்மேல் ஓர் அடி சேர்க்கவேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இது பெரிய கோரிக்கை. அதைவிடக் கடினமானது, தன்னைவிட நன்றாக ஆடும் எதிராளி காட்டுக்குள் போய் வந்து “ஆறு” என்று சொல்லும்போது, “ஏழல்லவா?” என்று கேட்பது. மெய்வல்லுநர் முறை அந்தச் சங்கடத்தைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கி, எழுத்துமூல ஆட்சேபனையாக, முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் மேசைக்கு வரும் தாளாக மாற்றிவிடுகிறது. கோல்ஃபின் வழி உயர்ந்தது என்று பலர் சொல்வார்கள். பாடசாலைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை நம் வழியே கருணையானது என்பது என் கட்சி.

கடைசியாக, சமநிலை. கோல்ஃப் அணியில் பெரும்பாலும் ஐவர் ஆடுவர், சிறந்த நால்வரின் அடிகளே கூட்டப்படும். ஐந்தாவது எண் கழிந்துபோகும். இரு பாடசாலைகள் சமமாக வந்தால் பல மாநிலங்களில் கழித்த அந்த ஐந்தாம் எண்ணை எடுத்து ஒப்பிட்டு வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். உயரம் பாய்தலில் இருவர் ஒரே உயரத்தைத் தாண்டியதோடு நின்றுவிட்டால், முதலில் அந்த உயரத்திலும், பிறகு அதற்குக் கீழேயும் யார் எத்தனை முறை தடியைத் தட்டிவிட்டார் என்று எழுத்தர் தாளைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். தாண்டிய பிறகு எவரும் பொருட்படுத்தாத, தவறிய முயற்சிகளைக் காட்டும் பெருக்கற் குறிகள் அப்போது எண்ணப்படுகின்றன.