பாஸ்டலும் வேட்டை நாயும்

ஊவா மலைகளில் வளர்ப்புப் பிராணிகளின் சாயலைப் பேணும் வழக்கத்தின் பூர்வத்தை ஆராயப் புகுவோர், பதுளையை அடுத்த நுவரெலியாவில் வாழ்ந்து, மரைகளைத் துரத்திய தம் நாய்களான ஸ்மட், கில்பக் முதலியவற்றின் குணவிசேஷங்களை 1854இல் வெளியான தம் நூலில் பிரியத்தோடு வருணித்த சாமுவேல் பேக்கரை மறக்கவியலாது. நாய்களுக்குப் பெயர் நின்றது; கோப்பிக்காடு வெட்டிய நம் முன்னோரில் எத்தனை பேருக்கு அப்பேறு வாய்த்தது என்று எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

பேக்கர் தீட்டியவை சொற்சித்திரங்கள். வர்ணப்பொடியைச் சிறிது பிசினோடு பிசைந்து திரட்டிய பாஸ்டல் கோல்களோ, ரோமத்தின் மென்மையையும் கண்ணின் ஈரத்தையும் ஒருங்கே காட்டவல்லவை; ஆயினும் எண்ணெய் வர்ணம்போல் இறுகாத அத்தூள் ஸ்பரிசமாத்திரத்தில் உதிர்வதாலும், ஈரக்காற்றில் தாளிற் பூஞ்சணம் படர்வதாலும், மூடுபனி சூழும் தோட்டப்புறங்களில், தாளைத் தீண்டாது சற்றே விலகி நிற்கும் கண்ணாடிக் காப்பின்றி அச்சித்திரம் நிலைப்பதரிது.