ஸ்குவீஸ்பாக்ஸ்: ஓர் இசைக்கருவியின் இரண்டாம் வாழ்வு

இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு என்று பாட்டுக்கும் செவிக்கும் இடையே வந்துபோன கருவிகள் பல. ஓர் அறையிலுள்ள கணினியிலிருந்து மற்றோர் அறையின் ஒலிபெருக்கிக்குப் பாட்டை அனுப்பும் வலையமைப்பு இசைக்கருவியும் அவ்வரிசையில் வந்ததே. அதன் வரலாற்றில் ஒரு கிளையை மட்டும் இங்கே நோக்குவோம்.

முதலில் சிறு கணக்கு. 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் குறித்தது. அதாவது 65,536 படிநிலைகள். 24 பிட்டுகளாயின் படிநிலைகள் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். நொடிக்கு 96,000 முறையும் அளந்தால், குறுந்தகட்டுக்கு நொடிக்கு 14 லட்சம் பிட்டுகள் போதுமான இடத்தில், ஏறக்குறைய 46 லட்சம் பிட்டுகள் கம்பியில்லா அலைவரிசையில் தடையின்றி ஓடியாக வேண்டும். உயர்தெளிவு ஒலியை வீட்டுக்குள் கொண்டுவருவதன் இடர்ப்பாடு இதுவே.

அமெரிக்காவில் ஷான் ஆடம்ஸ் நிறுவிய ஸ்லிம் டிவைசஸ், 2001இல் ஒரு சிறிய கருவியை வெளியிட்டது. அது எம்பி3 கோப்புகளை மட்டுமே பாடியது. 2003இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வந்தது. குறுந்தகட்டின் தரத்தைச் சுருக்காமல் பெற்றுக்கொண்டது. 2005இல் வந்த அடுத்த வடிவம், இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளைத் தானே விரித்துப் பாடியது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்னும் எல்லையை எட்டியது 2006இன் டிரான்ஸ்போர்ட்டர். விலை ஏறத்தாழ 2,000 டாலர். அவ்வாண்டே லாஜிடெக் நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை வாங்கிற்று. 2010இல் வந்த ஸ்குவீஸ்பாக்ஸ் டச், அதே தெளிவைச் சுமார் 300 டாலருக்குத் தந்தது. செல்வர் வீட்டுப் பொருள் நான்கே ஆண்டுகளில் நடுத்தர வீட்டின் மேசைக்கு வந்துவிட்டது.

இந்தத் தெளிவு செவிக்கு எட்டுகிறதா என்பது வேறு வினா. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். குறுந்தகடு 22,050 வரை தாங்கும். மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவு ஒலியையும் அதைக் குறுந்தகட்டு அளவுக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள், ஏறக்குறையப் பாதி முறையே சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும். எனினும் 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சிறியதாயினும் புறக்கணிக்க இயலாத வேறுபாடு தென்பட்டது. வழக்கு முடிந்தபாடில்லை.

ஆயினும் நம்மை ஈர்ப்பது வேறொன்று. 2012இல் லாஜிடெக் இக்கருவி வரிசையைக் கைவிட்டது. வழக்கமாக அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் பாட்டை அனுப்பும் வழங்கி மென்பொருள் தொடக்கம் முதலே திறந்த நிரலாக இருந்தது. எனவே ஆர்வலர்கள் அதைக் கைவிடவில்லை. டச் கருவியின் 96 என்ற வரம்பை நீட்டி, புற மாற்றி வழியாக 192 கிலோஹெர்ட்ஸ் வரை பாடவைத்தனர். மலிவான ராஸ்பெரி பை கணினியையே ஸ்குவீஸ்பாக்ஸாக மாற்றும் மென்பொருளும் எழுந்தது. 2024இல் நிறுவனத்தின் இணையச் சேவை மூடப்பட்டது. அதே ஆண்டில் அந்த வழங்கி, 'லைரியன்' என்ற புதுப்பெயர் பூண்டது.

இன்று நம்மில் பலர் பாட்டை வாங்குவதில்லை. மாதக் கட்டணத்துக்கு வாடகைக்குக் கேட்கிறோம். சேவை நின்றால் பாட்டும் நிற்கும். ஸ்குவீஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. கோப்பு அவர்கள் வீட்டில் இருந்தது. நிரல் எல்லார் கையிலும் இருந்தது. ஒரு பதிவின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் தெளிவைவிட இவ்விரண்டுமே என்று நமக்குத் தோன்றுகிறது.