கோட்டைக் காவலும் கணிப்பொறிக் காவலும்

"கணிப்பொறிப் பாதுகாப்பு படிச்சா காலத்துக்கும் வேலை இருக்குமா சார், இல்லே ஒருநாள் அந்த வேலையே தேவைப்படாமப் போயிடுமா?" இன்றைய மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. சரித்திரம் படித்தவனிடம் போய்க் கேட்கிறார்களே என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிக்கலாம். ஆனால் காவல் தொழில் தேவையற்றுப் போன கதை நம்ம ஊரிலேயே இருக்கிறது.

விஜயநகர காலத்தில் எழுந்தது செங்கல்பட்டுக் கோட்டை. ஏரியும் சதுப்பும் சூழ்ந்ததால் எளிதில் நெருங்க முடியாது. 1751-ல் பிரெஞ்சுக்காரர்கள் வசமாயிற்று. மறு வருஷம் கிளைவ் புறப்பட்டு வந்து முதலில் கடற்கரையோரக் கோவளம் கோட்டையைப் பிடித்தார். இந்தச் சேதி செங்கல்பட்டுக்கு எட்டவில்லை! கோவளத்தைக் காப்பாற்ற இங்கிருந்து ஒரு படை கிளம்பிப் போயிற்று. வழியில் பதுங்கியிருந்த கிளைவின் ஆட்களிடம் சிக்கிக் கொண்டது. அதற்குப் பிறகுதான் செங்கல்பட்டு மதிலைப் பீரங்கி இடித்தது. மதில் விழுமுன்பே காவல் விழுந்துவிட்டது என்பது என் கணக்கு.

1780-ல் ஹைதர் அலி படையெடுத்த போதும் கோட்டை உபயோகப்பட்டது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் இந்தப் பக்கம் படையெடுத்து வர ஆளில்லை. பிற்பாடு கோட்டைக்குள்ளேயே ரயில் பாதை போட்டார்கள். ஆக, காவல்காரர் வீட்டுக்குப் போனது மதில் பலமானதால் அல்ல, எதிரி ஒழிந்ததால்.

கணிப்பொறியில் மதில் பலமாகிக் கொண்டுதான் வருகிறது. 2009-ல் 'செல்-4' என்ற இயக்க மென்பொருளின் கருவை, சுமார் 8,700 வரிகள், எழுதியபடியே நடக்கும் என்று கணித முறையில் நிரூபித்துக் காட்டினார்கள். அசாத்திய உழைப்பு. அந்த வகைப் பிழை பார்க்கும் வேலை குறையத்தான் செய்யும், அதில் சந்தேகமில்லை.

ஆனால் கூடங்குளத்தைப் பாருங்கள். 2019 அக்டோபர் 29 அன்று, அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோடு சேராதது, தாக்குதலுக்கு இடமே இல்லை என்றார்கள். மறுநாளே, நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் வேவு மென்பொருள் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக் கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே கணிப்பொறி அவசர உதவிக் குழு கண்டு சொல்லியிருந்தது. உலைக்கு ஆபத்தில்லை, நிஜம். மதில் நின்றது, நுழைந்தவன் வேறு வாசலில் நுழைந்தான்.

எதிரியாவது ஒழிவானா? 2018 பிப்ரவரியில் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியிலிருந்து 'ஸ்விஃப்ட்' வழியாக மூன்று கள்ள உத்தரவுகள் வெளிநாட்டுக்குப் போயின. ஏறக்குறைய 20 லட்சம் டாலர். பணம் கம்பியில் ஓடுகிற வரைக்கும் திருடன் படை திரட்ட வேண்டாம், கடல் தாண்ட வேண்டாம். அவனுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் கிடையாது, வீழ்த்த!

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள் தம்பிகளே. 1781-ல் ஆங்கிலேயர் பிடித்த டச்சுக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்கள்தான் வருகிறார்கள். பக்கத்திலேயே கல்பாக்கம். 1984-லிருந்து மின்சாரம் தரும் அணுமின் நிலையம். அதன் வாசலில் துப்பாக்கியோடு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் நிற்கிறார்கள், இரவும் பகலும்.