தயவும் உரிமையும்
(நியூயோர்க் நகராட்சி வரலாறு புகட்டும் பாடம்)

படித்துப் பட்டம் பெற்று உத்தியோகந் தேடப் புறப்படும் இளைஞனிடம் நம் ஊர்ப் பெரியோர் முதலிற் கேட்கும் கேள்வி, "தம்பி, நீ என்ன படித்தாய்?" என்பதன்று, "உனக்கு ஆரைத் தெரியும்?" என்பதே. கேட்பவர் கெட்டவர் அல்லர். உலகம் நடக்கும் வழியை அறிந்தவர். பிள்ளையின் நன்மையை நாடியே கேட்கின்றார். ஆயினும் அந்த ஒரு கேள்விக்குள்ளே ஓர் ஆட்சியைப் பிடித்த நோய் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. ஆளை ஆராய்ந்து வினையில் அமர்த்தும் முறையைக் கூறுதற்கென வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே தெரிந்திருக்கவேண்டியது ஆளின் தகுதி. இங்கே தெரிந்திருக்கவேண்டியதோ அரசியல்வாதியின் வீட்டு வாசல்!

இந்நோய் எமக்கு மட்டும் உரியதன்று. சனநாயகத்தின் பெருமையைப் பேசும் ஐக்கிய அமெரிக்காவிலே, அதன் தலைசிறந்த நகரமாகிய நியூயோர்க்கை, 19ஆம் நூற்றாண்டில் இஃது ஆட்டிப் படைத்தது. அது வந்த வழியையும், வெளிப்பட்ட வகையையும், எளிதில் நீங்காத காரணத்தையும் ஆராய்வது நம் இளைஞர்க்குப் பயன் தருவதாகும்.

தம்மனி மண்டபம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயோர்க்கிலே ஒரு சங்கம் தோன்றியது. அந்நாட்டு ஆதிக்குடிகளின் தலைவன் ஒருவனுடைய பெயரால் அது தம்மனிச் சங்கம் எனப்பட்டது. நட்பும் தேசப்பற்றும் வளர்க்க எழுந்த அச்சங்கம், காலப்போக்கில் நகரத்துச் சனநாயகக் கட்சியின் மூளையாகவும் கையாகவும் மாறிற்று. அதன் இருப்பிடமே தம்மனி மண்டபம்.

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். நியூயோர்க் துறையிலே இறங்கிய ஏழைக்கு வேலை இல்லை, வீடு இல்லை, அவனை ஏனென்று கேட்க அரசாங்கத்திலும் ஒருவர் இல்லை. முதியோருக்கு உபகாரப்பணம், வேலையற்றோருக்கு உதவி என்பன அந்நாளில் அங்கு இருந்தனவல்ல. ஆனால், தம்மனியின் வட்டாரத் தலைவன் இருந்தான். குளிர்காலத்திற்கு நிலக்கரி கொடுத்தான்; பிள்ளை சிறைப்பட்டால் பிணை எடுத்தான்; நகரசபையிலே கூலிவேலை வாங்கிக் கொடுத்தான்; வீட்டில் மரணம் நேர்ந்தால் வந்து நின்றான்; குடியுரிமைப் பத்திரத்தையும் விரைவிற் பெற்றுக் கொடுத்தான். இவ்வளவுக்கும் அவன் கைம்மாறாகக் கேட்டது ஒன்றே. அது தேர்தல் நாளில் ஒரு வாக்கு.

பசித்தவனுக்குச் சோறு போட்டவனைத் திருடன் என்று சொல்ல யாருக்கு நா எழும்? தம்மனியின் வலிமைக்கு அத்திவாரம் பயமன்று, நன்றியுணர்வே. இதை மறந்தால் இவ்வரலாறு விளங்காது.

ருவீட்டின் எழுச்சி

இந்த நன்றியை முதலாக வைத்து வாணிகம் நடத்தியவர் வில்லியம் ருவீட். 1823ஆம் ஆண்டு அந்நகரிலே கதிரை செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தொண்டர் தீயணைப்புப் படையொன்றின் தலைவராகி ஊரவரின் அன்பைப் பெற்றார். 1851இல் நகரசபை அங்கத்தவராகத் தெரிவானார். அவர் இருந்த அச்சபைக்கு மக்கள் சூட்டிய பட்டம் 'நாற்பது திருடர்' என்பது! பின்னர் மாவட்ட மேற்பார்வைச் சபை, மாநிலச் செனற்சபை, பொதுவேலைப் பகுதி எனப் பல பதவிகளைத் தம் கையிற் சேர்த்தார். 1863இல் தம்மனிச் சங்கத்தின் தலைமையும் அவரை அடைந்தது.

நகரமுதல்வர் ஓக்கி ஹோல், கணக்கதிகாரி றிச்சட் கொனலி, பொருளாளராயிருந்த பீற்றர் சுவீனி ஆகிய மூவரும் அவருடன் கூடினர். இந்நால்வரையுமே வரலாற்றாசிரியர் 'ருவீட் வளையம்' என்பர். 1870இல் மாநிலச் சட்டசபை அங்கத்தவர்களுக்கு இலட்சக்கணக்கான டொலர் இலஞ்சம் இறைத்து, நகரத்துக்குப் புதிய அமைப்புச் சட்டமொன்றை நிறைவேற்றுவித்தார் ருவீட். அதன்படி கணக்குகளைச் சரிபார்க்கும் சபையில் அமர்ந்தோர் யார்? முதல்வர் ஹோல், கணக்கதிகாரி கொனலி, பொதுவேலை ஆணையாளர் ருவீட்! எடுத்தவரே எண்ணிப் பார்த்து 'சரி' என்று ஒப்பமிட்டனர்.

நீதிமன்றம் கட்டிய அநீதி

கொள்ளை நடந்த முறை மிக எளியது. கொந்தராத்துக்காரன் செய்த வேலைக்குப் பன்மடங்கு தொகை காட்டிப் பற்றுச்சீட்டு எழுதுவான். கணக்கதிகாரி பணம் கொடுப்பார். மேலதிகத் தொகை வளையத்தாரிடம் திரும்பி வரும். தொடக்கத்திற் சிறு பங்காயிருந்த இது, முடிவில் 100 டொலருக்கு 65 டொலர் என்னும் அளவுக்கு வளர்ந்தது.

இதற்குச் சான்றாக நிற்பது நியூயோர்க் மாவட்ட நீதிமன்றக் கட்டடம். முதலில் ஒதுக்கப்பட்ட தொகை 250,000 டொலர். முடிவிற் சென்றதோ ஏறக்குறைய 130 இலட்சம் டொலர். 1867இல் அமெரிக்கா உருசியாவிடமிருந்து அலாஸ்கா என்னும் பெருநிலம் முழுவதையும் 72 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று என்பதை நினைத்துப் பார்த்தால் இக்கொள்ளையின் பருமன் புலனாகும். சாந்து பூசிய கார்வி என்பவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 133,187 டொலர் எனக் கணக்கெழுதப்பட்டிருந்தது. மரவேலை மிகக் குறைந்த அக்கட்டடத்தில், தச்சர் ஒருவருக்கு ஒரு மாதத்திற்கு 360,751 டொலர். 11 வெப்பமானிகளின் விலை 7,500 டொலர். நீதி வழங்குதற்கென எழுந்த மண்டபத்தின் ஒவ்வொரு கல்லிலும் அநீதி பூசப்பட்டிருந்தது.

இப்பணத்தில் ஒரு துளி ஏழைகளிடமும் திரும்பிற்று. 1870ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ருவீட் தம் வட்டாரத்து ஏழைகளுக்கு 50,000 டொலர் கொடுத்தார். ஏழைகள் வாழ்த்தினர். தம் பணத்திலேயே ஒரு சிறு கூறு தமக்குத் தானமாகத் தரப்படுகின்றது என்பதை அவர்கள் அறிந்திலர்.

கணக்குப் புத்தகம் பேசிற்று

'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் வாரப்பத்திரிகையிலே தோமஸ் நாஸ்ற் என்ற ஓவியர் ருவீட்டைக் கேலிச்சித்திரங்களாகத் தீட்டிவந்தார். பத்திரிகைகள் எழுதுவதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, தம் மக்களுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் படங்களை அவர்கள் பார்ப்பார்களே என்று ருவீட் வருந்தியதாகக் கூறுவர்.

எனினும் சித்திரம் ஐயத்தை எழுப்புமேயன்றி வழக்கை நிறுவாது. அதற்குக் கணக்கு வேண்டும். 1871 சனவரியில் மாவட்டக் கணக்காய்வாளர் உவாற்சன் விபத்தொன்றில் இறந்தார். அதன்பின் கணக்குப் பிரதிகள் வளையத்துக்கு வெளியே செல்லலாயின. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவருள் ஒருவராகிய ஒபிரையன் நீதிமானல்லர்; தாம் கேட்ட தொகை கிடைக்காததால் வெகுண்ட முன்னாள் அதிகாரி. கள்வரின் பிணக்கிலே உண்மை வெளிப்பட்டது! 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை அவ்வாண்டு யூலை மாதத்தில் அக்கணக்குகளைத் தொகை தொகையாக அச்சிட்டது. மௌனமாயிருப்பதற்கு 50 இலட்சம் டொலர் தருவதாக ஆசை காட்டியும் அதன் அதிபர் ஜோர்ஜ் ஜோன்ஸ் அசையவில்லை. செப்ரெம்பரில் நகரமக்கள் பெருங்கூட்டங் கூடி எழுபதின்மர் குழுவை அமைத்தனர். ஒக்ரோபரில் ருவீட் கைதானார்.

இதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. கைதாகிப் பிணையில் வந்த சில நாட்களில், நவம்பர் மாதத் தேர்தலில், ருவீட்டின் தொகுதி மக்கள் அவரையே மீண்டும் செனற்சபைக்குத் தெரிவுசெய்தனர்! அவர்கள் மூடர் அல்லர். அடுத்த குளிர்காலத்திற்கு நிலக்கரி யார் தருவார் என்ற கேள்விக்கு எழுபதின்மர் குழுவிடம் விடை இருக்கவில்லை.

1873இல் ருவீட் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1875இல் சிறையினின்று தப்பி இசுப்பானியா வரை ஓடினார். நாஸ்ற் வரைந்த சித்திரத்தைக் கொண்டே அங்கு அவரை அடையாளங் கண்டனர் என்பர். 1878 ஏப்பிரல் 12ஆந் திகதி நியூயோர்க் சிறையிலே மாண்டார்.

தலை வீழ்ந்தும் உடல் வாழ்ந்தது

ருவீட் மாண்டார், தம்மனி மாளவில்லை. புதிய தலைவர்கள் வந்தனர். புதிய விசாரணைகளும் வந்தன. 1932இலும் ஊழல் விசாரணையொன்றின் நடுவே நகரமுதல்வர் ஜிம்மி உவாக்கர் பதவி துறக்க நேர்ந்தது. அறுபது ஆண்டுகளாகியும் நோய் தீராதது ஏன்? ஆளைத் தண்டித்தார்கள், அந்த ஆளை மக்கள் நாடிச் சென்ற தேவையைத் தீர்க்கவில்லை.

மெல்ல மெல்ல இரண்டு மருந்துகள் வேலை செய்தன. ஒன்று, உத்தியோகம் பரிசுப் பொருளாவதைத் தடுத்தது. 1881இல் சனாதிபதி கார்பீல்டைச் சுட்டவன், தனக்குப் பதவி கிடைக்கவில்லை என்று மனம் புழுங்கிய கிற்றோ என்பவன். நாடு திடுக்கிட்டது. 1883இல் பென்டில்ரன் சட்டம் போட்டிப் பரீட்சை மூலம் மத்திய அரசாங்க நியமனம் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் நியூயோர்க் மாநிலமும் அவ்வாறே சட்டஞ் செய்தது. மற்றொன்று, உதவி உரிமையாக மாறியது. 1930களிலே உரூஸ்வெல்ற் சனாதிபதியின் ஆட்சி வேலையும் நிவாரணமும் வழங்கிற்று. 1935ஆம் ஆண்டுச் சட்டம் முதியோருக்கு உபகாரப்பணத்தை உரித்தாக்கிற்று. வட்டாரத் தலைவனின் வாசலில் நிற்கவேண்டிய அவசியம் குறையக் குறைய, தம்மனியின் செல்வாக்கும் தேய்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் இவ்விரு மருந்துகளும் பெயரளவில் உள்ளன. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, நியமனங்களுக்குப் பொதுச்சேவை ஆணைக்குழுவை அமைத்தது. 1972ஆம் ஆண்டு யாப்பு அவ்வதிகாரத்தை மந்திரிசபையிடம் கொடுத்தது. 2001இல் 17ஆவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுவை மீட்டது. பின்னர் 2010, 2015, 2020, 2022ஆம் ஆண்டுகளின் திருத்தங்களால் அச்சுதந்திரம் ஊஞ்சல்போல் ஆடிற்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, நியூயோர்க்கில் கள்வரின் பிணக்காற் கிடைத்த கணக்கை நாம் நேர்வழியிற் கேட்டுப் பெற இடந்தருகின்றது. ஆனால், அதைக் கேட்போர் எத்தனை பேர்?

நம் ஒழுங்கைக்குத் தெருவிளக்கு வந்தால், "அவர் போட்டுத் தந்தார்" என்கிறோம். வரி கட்டியவர் நாம், பெயர்ப்பலகை அவருக்கு. மதகு கட்டி மூன்று மாதத்தில் இடிந்தாலும், அவர் நம் பிள்ளைக்கு உத்தியோகம் எடுத்துத் தருவார் என்ற எண்ணத்தால் வாய் திறவோம். ருவீட்டின் வாக்காளரும் நாமும் ஒரே வாசலிலேதான் நிற்கிறோம்.

பெரியோரை நான் குறைகூறவில்லை. தயவின்றி வாழ முடியாத காலத்தைக் கடந்து வந்தவர் அவர்கள். ஆனால் இளைஞராகிய நாம் ஒன்று செய்யலாம். நம் சங்கத்திலே நாலுபேர் கூடி, பிரதேச சபையின் ஒரே ஒரு வீதிக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கி வாசிப்போம். விண்ணப்பம் எழுதத் தெரியாத ஒருவருக்கு, எவருடைய கடிதமும் இல்லாமல் அவருக்கு உரியதைப் பெற்றுக் கொடுப்போம். வட்டாரத் தலைவன் செய்த பணியை விலை கேளாது செய்ய ஆள் இருந்தால், அவனிடம் வாக்கை விற்க வேண்டியதில்லை.

உரிமை என்று பெறுவதை எவரும் திருப்பிக் கேட்க முடியாது. தயவு என்று பெறுவதற்கோ ஆயுள் முழுவதும் வட்டி கட்டவேண்டும்.