இடுப்பில் இருந்த கத்தி

திருநெல்வேலி என்றதும் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அல்வாவுக்கு அடுத்தபடி நினைவுக்கு வருவது அருவாள்தான். சட்டைக்குப் பின்னாலிருந்து உருவப்படும் வீச்சருவாளை வைத்து ஒரு சீமையின் குணத்தையே எழுதி முடித்துவிட்டார்கள். தாமிரபரணிக் கரையிலும் அதற்குத் தெற்கே விரியும் செம்மண் தேரியிலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் இடுப்பில் கத்தியோடு நடமாடினார்கள் என்பது மெய்தான். அந்தக் கத்திகளில் மிகப் பெரும்பாலானவற்றை அங்கே வைத்தது பனைமரம் என்பதே என் வாதம். ஒருவர் பனை ஏறினார், இன்னொருவர் பனையோலையில் எழுதினார். சாதியிலும் படிப்பிலும் வருமானத்திலும் இருவருக்கும் எட்டாத தூரம். ஆனாலும் வீட்டைவிட்டு வெளியே, இரண்டு கையும் வேலையில் மாட்டியிருக்கும் நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற தேவை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. இன்று பையில் போட்டுக்கொள்ளும் பலகருவிக் கத்தியின் உள்ளூர் முன்னோடியைத் தேடுகிறவர் போர்க்களத்தை விட்டுவிட்டு இந்த இரண்டு பேரின் இடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பனையேறியை முதலில் பார்ப்போம். மரத்தில் ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும், கால்களைச் சேர்த்துப் பிடிக்கத் தளைநார் வேண்டும். ஆகவே கருவி எதுவானாலும் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். இடுப்பில் தொங்கும் அருவாள்பெட்டி இதற்காக உருவானது. காய்ந்த மட்டையையும் ஓலையையும் கழிக்க ஒரு அருவாள், பாளை சீவ மட்டும் இன்னொன்று. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவதில்லை. பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவினால்தான் பதநீர் சொட்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். காலையும் மாலையும் ஒவ்வொரு பாளைக்கும் புது வாய் வேண்டும். இதனால்தான் பாளை அருவாளின் கூர் சவரக்கத்தியோடு போட்டி போடும். பனையேறி வீட்டில் தீட்டுப் பலகைக்கு ஓய்வு கிடையாது. பாளையை நசுக்கி இளக்கக் கடிப்பு, கலயத்தின் உட்புறம் தடவச் சுண்ணாம்பு, இறக்கிக்கொண்டு வரக் குடுவை என்று மற்றவையும் கூடவே ஏறும். சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஆக, வெட்டவும் சீவவும் நசுக்கவும் தடவவும் தேவையான அத்தனையும் ஒரே கட்டாக, நாள்தோறும், ஆள் போகும் இடமெல்லாம் போயின. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி வந்து கருவி மாற்றிக்கொண்டிருந்தால் பாதித் தோப்பு முடிவதற்குள் வெயில் ஏறிவிடும்.

அடுத்தவர் எழுதுகிறவர். கிராமக் கணக்கர், ஏடு பெயர்த்து எழுதுகிறவர், புலவர், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று பலர் இதில் அடக்கம். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார்: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. முதலாவது எழுத மட்டுமே உதவும் கனத்த கருவி. வாரெழுத்தாணியில் ஒரு முனை எழுதும், மறுமுனை கத்தியாக இருந்து ஓலையை வாரும். மடக்கெழுத்தாணி இன்னும் ஒரு படி மேலே. ஒரே பிடிக்குள் எழுத்தாணியும் கத்தியும் மடங்கிக்கொள்ளும், வேண்டியதை வேண்டியபோது விரித்துக்கொள்ளலாம். கணக்கருக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பது ஓலையின் இயல்பைப் பார்த்தால் விளங்கும். காகிதம் வெட்டித் தயாராக வரும். ஓலை அப்படி வராது. ஓரம் நறுக்க வேண்டும், நடு ஈர்க்கைக் களைய வேண்டும், கட்டுக்கு ஏற்ற அளவில் வார வேண்டும், கயிறு கோக்கத் துளையிட வேண்டும். வயல் வரப்பில் நின்று விளைச்சலைக் குறிக்கிற கணக்கருக்கு மேசையும் இல்லை, உதவியாளும் இல்லை. ஓலை இடக்கையில், எழுத்தாணி வலக்கையில். இடது பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அந்தப் பள்ளத்தில் ஊன்றி, கையை நகர்த்தாமல் ஓலையை நகர்த்தி எழுதுவார்கள். நகமே கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது! சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் முன் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர் வீடுகளில் அவர் தேடிய சுவடிகளெல்லாம் இப்படிப்பட்ட கைகள் வாரிக் கீறியவை.

மடக்கும் அமைப்பு வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாமே, அதை உள்ளூர்ப் பொருள் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரிதான். மடக்குக் கத்தி ரோமானியர் காலத்திலேயே உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் கரைக்கு வெளிநாட்டுக் கப்பல் புதிதல்ல. கீலை எங்கிருந்து கற்றார்கள் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் எந்தக் கருவியை எந்தக் கருவியோடு சேர்ப்பது என்பதை முடிவு செய்வது கீல் அல்ல, கையிலிருக்கும் பொருள். ஐரோப்பாவிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1891-ல் கார்ல் எல்சனர் சுவிஸ் ராணுவத்துக்குச் செய்து கொடுக்கத் தொடங்கிய கத்தியில் அலகோடு தகரடப்பா திறப்பானும் திருப்புளியும் துளையூசியும் இருந்தன. அந்தச் சிப்பாய் தின்றது டப்பாவில் அடைத்த உணவு, சுமந்த துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி வேண்டும். இங்கே டப்பாவும் இல்லை, திருகாணியும் இல்லை, ஓலை இருந்தது. வாரெழுத்தாணியில் கீலே கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு வேலையை ஒரே உலோகத் துண்டில் இணைக்கும் எண்ணத்துக்கு மடக்குவது அவசியமாக இருக்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு தாமிரபரணிக் கரையின் பழைய ஈமக்காடான ஆதிச்சநல்லூரிலிருந்து வரும். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த இரும்பில் வாள், குத்துவாள், ஈட்டிமுனை எல்லாம் உண்டு. அருகிலுள்ள சிவகளையின் இரும்பை கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுபோனது 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை. அந்தத் தேதி பற்றிய விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். இவ்வளவு பழைய ஆயுத மரபு உள்ள ஆற்றங்கரையில் இடுப்புக் கத்தி வெறும் தொழிற்கருவியா என்று கேட்பார்கள். ஆனால் தாழிகளோடு புதைத்தவை இறந்தவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. உயிரோடு இருந்தவர் அன்றாடம் எதைச் செருகிக்கொண்டு வெளியே போனார் என்பதற்கு ஈமக்காடு நேர்ச்சாட்சி ஆகாது. அன்றாடத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் 1801-ஐப் பார்க்கலாம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட இரண்டாம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி வீழ்ந்தது. அந்த டிசம்பரில் கம்பெனி அரசு தென்பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் வெளியிட்டது. துப்பாக்கியும் ஈட்டியும் போயின, கோட்டைகள் இடிக்கப்பட்டன. பனையேறியின் பெட்டியையும் கணக்கரின் எழுத்தாணியையும் யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் கருப்பட்டியும் வராது, வரிக்கணக்கும் வராது. இடுப்புக் கத்தி போர்க்குணத்தின் எச்சமாக இருந்திருந்தால் அந்தப் பிரகடனத்தோடு அதுவும் அருகியிருக்க வேண்டும். அது இன்னும் ஒரு நூற்றாண்டுக்குக் குறையாமல் புழங்கியது.

அருவாள் ஆளை வெட்டியதே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. இந்தச் சீமையின் சாதிச் சண்டைகளில் அது எவ்வளவு ரத்தம் பார்த்திருக்கிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் வெட்டுக்கு எடுத்த அருவாளும் பாளை அருவாளும் ஒன்றல்ல. எலும்பில் ஒருமுறை பட்டாலே பாளை அருவாளின் வாய் மழுங்கி அன்றையச் சீவல் கெட்டுப்போகும். பிழைப்பை அந்த வாயில் வைத்திருப்பவர் அதை வேறு எதற்கும் நீட்டத் தயங்குவார். சட்டமும் ஏறக்குறைய இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கும்போதே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றை விலக்கிவைத்தன.

அப்படியானால் இடுப்பிலிருந்து கத்தி இறங்கியது எப்போது? எழுத்தாணிதான் முதலில் போனது, அதுவும் அச்சு வந்த உடனே அல்ல. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578-ல். அதற்குப் பிறகும் முந்நூறு ஆண்டுகள் ஓலை அசையவில்லை. காகிதத்துக்குக் காசு வேண்டும், ஓலை தோப்பிலேயே கிடைத்தது. அரசுக் கச்சேரிகளும் பள்ளிகளும் காகிதக் கணக்கையே கேட்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கர் பேனாவுக்கு மாறினார். பேனாவுக்கு வாரவும் வேண்டாம், துளையிடவும் வேண்டாம். கத்தி தானாகக் கழன்றது. பனையேறியின் பெட்டி இன்னும் சில தலைமுறை தாங்கியது. சர்க்கரை மலிவானது, பிள்ளைகள் பள்ளிக்கும் பிறகு சென்னைக்கும் மும்பைக்கும் போனார்கள், மரத்திலிருந்து விழுந்து முடமான அப்பாக்களைப் பார்த்தவர்கள் ஏற மறுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பெட்டியின் அழகுக்காக யாரையும் மரத்தில் ஏற்ற முடியாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஏறுவதற்கு ஆள்தான் கிடைப்பதில்லை. ஏறுகிறவர்கள் பருவம் வந்ததும் அதே இரண்டு அருவாளோடுதான் கிளம்புகிறார்கள். மட்டை கழிப்பது எது, பாளை சீவுவது எது என்பதில் அவர்களுக்கு இன்றும் குழப்பமில்லை.